தகர ஒட்டுப் போட்ட வள்ளம்

பலவேசத்துக்கு வலது கை முழங்கைக்குக் கீழே சற்று வளைந்திருக்கும். பதினேழு வயதில் பனையிலிருந்து விழுந்து ஒடிந்த கை. வைத்தியர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். எலும்பு தன் இஷ்டத்துக்குக் கூடிக்கொண்டது. அந்தக் கையால் சோறு உண்ணலாம், சாமி கும்பிடலாம், துடுப்பைக்கூடப் பிடிக்கலாம். நீந்த மட்டும் முடியாது. நீந்த முடியாத ஒருவன் அத்திக்குளத்துக்கு இருபது வருஷம் மடைக்காரனாக இருந்தான் என்றால் அதற்கு ஒரே காரணம் அவனுடைய வள்ளம்.

அத்திக்குளம் தென்காசிக்கு மேற்கே, குற்றாலத்திலிருந்து மூன்று மைல். குளத்துக்கும் ஊருக்கும் அதே பெயர்தான். கார் சாகுபடிக்குக் குளம் அரையளவுதான் பெருகும். மடை வரைக்கும் இடுப்பளவுத் தண்ணீரில் யாரும் நடந்து போய்விடலாம். மழைக்காலப் பிசானச் சாகுபடிக்கு அது நடக்காது. ஐப்பசி அடைமழை விட்டுக் கார்த்திகை பிறக்கும்போது, கரையிலிருந்து எண்பது முழம் தள்ளி, மடையின் இரண்டு கல்தூண்களும் தலையை மட்டும் நீட்டிக்கொண்டு நிற்கும். அவற்றுக்கு நடுவே ஒரு நெடுங்கம்பு. கம்பின் அடியில் மடைக்கண்ணை அடைத்த மரக்கட்டை. கம்பை மேலே தூக்கினால் தண்ணீர் வயலுக்குப் பாயும். தூக்குகிறவன் மடைக்காரன். அறுவடையில் களத்துக்குக் களம் அவனுக்கு நெல் உண்டு. கோயில் கொடைத் திருவிழாவில் ஒரு மாலை உண்டு. ஊர்க்கூட்டத்தில் நிற்காமல் உட்காரலாம்.

வள்ளம் ஒற்றை அயினி மரத்தைக் குடைந்து செய்தது. பத்து முழ நீளம். பலவேசத்தின் பாட்டன் காலத்தில் ஆரியங்காவுக்கு அப்பாலிருந்து, செங்கோட்டைச் சாவடியில் திருவிதாங்கூர்ச் சேவகனிடம் ‘இது மாட்டுத்தொட்டி’ என்று சாதித்து, வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தார்களாம். அதில் நின்றபடி தூணோடு கயிற்றைப் போட்டுக்கொண்டு, இடது கையாலும் நெஞ்சாலும் அணைத்துப் பலவேசம் கம்பைத் தூக்கிவிடுவான். கரையில் பெண்கள் குலவையிடுவார்கள். அவன் திரும்பிப் பார்க்கவே மாட்டான். கயிறு நழுவிவிடுமோ, கட்டை மறுபடி உட்கார்ந்துவிடுமோ என்று அவனுக்கு எப்போதும் ஒரு பதைப்பு.

அந்தப் பதைப்பு கோடையில் இன்னும் அதிகம். குளம் வற்ற வற்ற வள்ளத்தை நடுக்குளத்தில் கடைசிவரை நீர் நிற்கும் பள்ளமான கசத்துக்கு இழுத்துப் போய், மேலே கல்லேற்றித் தண்ணீருக்குள் முக்கி வைப்பான். “வள்ளமும் எருமையும் ஒண்ணு. காயவிட்டா தோல் வெடிச்சிரும்” என்பான். தினமும் விடிந்ததும் போய்க் கசத்துக்குள் காலை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் கஞ்சி குடிப்பான். “என்னைக் கட்டி பதினெட்டு வருசமாச்சு. ஒருநாளு விடியக்காலத்துல எந்திச்சு எனக்குக் காய்ச்சலான்னு தொட்டுப் பாத்திருப்பியளா?” என்று கேட்பாள் அவன் பெண்டாட்டி முத்துவடிவு. பிள்ளை குட்டி இல்லாத வீடு; பேச்சுக்குப் பஞ்சமில்லை.

1933-ஆம் வருஷக் கோடையில் கசமும் சேறாகிவிட்டது. பலவேசம் வள்ளத்தின்மேல் வைக்கோலைப் பரப்பி, ஊர்க்கிணற்றிலிருந்து குடம் குடமாகக் கொண்டுவந்து ஊற்றிக்கொண்டிருந்தான். கொக்கு சுட வந்த வில்மட் துரை அவனை அந்த நிலையில்தான் பார்த்தார். மலைமேல் இருந்த காப்பித் தோட்டத்தை விற்றுவிட்டு ஐந்தருவிப் பாதையில் பங்களா எடுத்துத் தங்கியிருந்தவர். கூடவே அவருடைய பட்லர் மூசா சாயபு, தென்காசிக்காரர். துரை துப்பாக்கியைச் சாயபு கையில் கொடுத்துவிட்டுச் சேற்றில் இறங்கினார். வைக்கோலை விலக்கினார். பெண்பிள்ளையின் முகத்தைப் பிடித்துத் திருப்புகிற மாதிரி வள்ளத்தின் மூக்கை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தார்.

துரைக்குப் பழைய வள்ளங்கள் என்றால் பைத்தியம் என்று சாயபு சொன்னார். பங்களாவுக்குப் பின்னால் ஷெட்டுப் போட்டு, குட்டநாட்டிலிருந்து ஒன்றும் தாமிரபரணித் துறையிலிருந்து ஒன்றும் வாங்கி வைத்திருக்கிறாராம்.

“என்னத்துக்கு? அங்கன குளம் இருக்கோ?” என்றான் பலவேசம்.

“குளம் ஒண்ணுமில்ல வே. சும்மா பாக்கதுக்கு.”

“சும்மா பாக்கதுக்கு வள்ளமா!” அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்று சிரித்த சிரிப்பைப் பின்னால் எத்தனையோ தடவை நினைத்து நினைத்து நொந்துகொண்டான்.

மறுநாள் ஊர்த்தலைவர் ஆவுடையப்பன் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். “ஏலே, துரை உன் வள்ளத்த விலைக்குக் கேக்கல. வச்சு அளந்து, படம் வரைஞ்சிட்டு, குளம் பெருகுமுன்ன தந்துருதேங்காரு. வத்திக் கெடக்க குளத்துல அத வச்சுக்கிட்டு நீ என்ன செய்யப்போற? தலையில தூக்கிக்கிட்டு அலையப்போறியா?”

“அண்ணாச்சி, தண்ணி ஊத்தணும் அதுக்கு.”

“பங்களாவுல இல்லாத தண்ணியா! ஐந்தருவித் தண்ணிலே!”

ஆவுடையப்பனுக்குத் துப்பாக்கி லைசென்ஸ் ஒன்று தாலுகா ஆபீஸில் இரண்டு வருஷமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. வள்ளம் வண்டியேறிய மூன்றாம் வாரம் அது எழுந்து வந்தது. ஊரில் எல்லோருக்கும் இது தெரியும். தெரிந்து என்ன செய்ய?

ஐப்பசியில் குளம் பெருகியது. பலவேசம் பங்களா வாசலில் போய் நின்றான். படம் இன்னும் முடியவில்லை என்று பதில் வந்தது. கார்த்திகை பிறந்தது. படம் முடியவில்லை. நாற்றங்கால் காத்துக் கிடந்தது. கடைசியில் அவன் சித்தப்பா மகன் வல்லிநாயகம், இருபத்தைந்து வயதுக்காரன், துண்டைத் தலைப்பாகையாகக் கட்டிக்கொண்டு நீந்திப் போய், முங்கி, மடையைத் திறந்துவிட்டு வந்தான். “அண்ணனுக்காகத்தான் செஞ்சேன்” என்று கரையில் நின்று எல்லோரும் கேட்கச் சொன்னான். உண்மையாகவே அப்படி நினைத்துத்தான் சொன்னான். ஆனால் களத்து நெல் அவனுக்குத்தான் போயிற்று.

அத்திக்குளத்தில் ஒரு வழக்கம் உண்டு. தொடர்ந்து மூன்று கார்த்திகை யார் மடையைத் திறக்கிறானோ மடை அவனுக்கு. அப்புறம் அதற்கு வழக்கும் இல்லை, பஞ்சாயத்தும் இல்லை. பலவேசத்தின் பாட்டனே அப்படித்தான் இன்னொரு குடும்பத்திடமிருந்து மடையை வாங்கினார். ஆகவே பலவேசத்துக்கு இந்தக் கணக்கைச் சொல்லித்தர யாரும் தேவைப்படவில்லை. ஒன்று போயிற்று. இன்னும் இரண்டு.

துரையிடம் மறுபடி போனபோது அவர் இரக்கப்பட்டார். இரக்கப்பட்டு வள்ளத்தைக் கொடுத்தாரா என்றால் இல்லை, வேலை கொடுத்தார். ஷெட்டுக்குக் காவல். தினமும் மூன்று வள்ளங்களையும் துணியால் துடைக்க வேண்டும். தண்ணீர் மட்டும் ஒரு சொட்டுப் படக்கூடாது, மரம் இற்றுப்போகும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பலவேசம் சாயபுவின் முகத்தைப் பார்த்தான். சாயபு கூரையைப் பார்த்தார்.

தன் வள்ளம் கண்ணெதிரே இருந்தால் போதும் என்று ஒப்புக்கொண்டான். தினமும் மூன்று மைல் நடந்து வருவான். துரை மத்தியானச் சாப்பாடு முடிந்து ஒரு மணி நேரம் உறங்குவார். அந்த ஒரு மணி நேரத்தில் மூன்று குடம் தண்ணீர் கொண்டுவந்து தன் வள்ளத்துக்குள் ஊற்றி, ஈரச்சாக்கை விரித்து, துரை எழுந்திருக்குமுன் தண்ணீரை இறைத்துவிட்டுச் சாக்கைச் சுருட்டிவிடுவான். மற்ற இரண்டுக்கும் ஊற்றவில்லை. ஊற்ற நேரமும் இல்லை. அவை அவனுடையவையும் இல்லை. மாசி வெயிலில் அவை இரண்டும் இரவில் சுள்ளி முறிகிற மாதிரிச் சத்தம் போடுவதாகத் தோட்டக்காரன் சொன்னான். பலவேசத்துக்கு அதைக் கேட்டு உள்ளுக்குள் கூசியது. ஊரான் வீட்டுப் பிள்ளை பசியில் அழுவதைக் கேட்டுக்கொண்டே தன் பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிறவனுக்கு எப்படி இருக்குமோ அப்படி.

இரண்டாவது கார்த்திகையும் வந்தது. வல்லிநாயகம்தான் திறந்தான். இந்தத் தடவை ‘அண்ணனுக்காக’ என்று சொல்லவில்லை.

1935 ஆனியில், நல்ல சாரலில், சாயபு ஷெட்டுக்கு வந்து பீடி பற்றவைத்தார். “ஒரு விசயம் வே. துரை ஆவணியோட சீமைக்குப் போறாரு. ஒரேயடியா. அங்கன காட்சிச்சாலையில ஒரு வள்ளத்துக்குத்தான் இடமாம். ஒண்ண எடுத்துக்கிட்டு மத்த ரெண்டையும் இங்கனயே விட்டுட்டுப் போறாரு.”

“எந்த வள்ளம் சாயபு?”

“அத இன்னும் முடிவு பண்ணல. போறதுக்கு முன்ன பாத்துச் சொல்லுதேன்னாரு.”

அன்று வீட்டுக்கு வந்த பலவேசத்துக்குச் சோறு இறங்கவில்லை. முத்துவடிவுதான் யோசனை சொன்னாள். அவளுக்கு இதெல்லாம் பெண் பார்க்கிற சமாசாரம் மாதிரித்தான் பட்டது.

“எங்க பெரியம்ம வீட்டுல மூணு பொம்பளப் பிள்ள. மூத்தவள எவனோ வாசுதேவநல்லூருக்காரன் கேட்டு வந்தான். பெரியம்மைக்கு அவள விட இஷ்டமில்ல. என்ன செஞ்சா? மூத்தவளுக்கு எண்ணெ வழிய விட்டு, கிழிஞ்ச தாவணியக் குடுத்து, சாணி அள்ளவிட்டா. சின்னவளுக்குப் பட்டக் கட்டி காப்பி கொண்டுபோகச் சொன்னா. வந்தவன் சின்னவளத்தான் கட்டிக்கிட்டுப் போனான்.”

“அதுக்கு?”

“அதுக்கா? ஒங்க வள்ளத்துக்குச் சாணி அள்ளக் குடுங்க. அந்தக் குட்டநாட்டு மலையாளத்தானுக்குப் பட்டக் கட்டி விடுங்க.”

பலவேசம் தள்ளி வைத்த தட்டை மறுபடி இழுத்துக்கொண்டான். பிறகு ரொம்ப நாளைக்கு அப்புறம் இரண்டாம் தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டான்.

ஆடி முழுவதும் துரை காய்ச்சலில் படுத்துக் கிடந்தார், ஷெட்டுப் பக்கம் வரவில்லை; அந்த மத்தியானங்களில் அவன் வேலை செய்தான். குட்டநாட்டு வள்ளம் நீளமானது, மூக்கு பாம்புத்தலை மாதிரி வளைந்து எழும்பியது. அதன்மேல் படிந்திருந்த கறுப்பையெல்லாம் கண்ணாடிச்சில்லால் சுரண்டினான். அடியில் வெயில் குடித்து வெடித்த கோடுகள் ஓடின. தேன்மெழுகோடு மரத்தூளைக் குழைத்து அவற்றை அடைத்தான். தேங்காயெண்ணெய் போட்டுத் தேய்த்தான். வள்ளம் புது மாப்பிள்ளை மாதிரிப் பளபளத்தது. தாமிரபரணித் தோணிக்கும் அப்படியே. தன் வள்ளத்தின் விலாவில் தாரைப் பூசினான். கயிற்றுத்தும்பை அங்கங்கே திணித்தான். சாயபுவின் சமையலறையிலிருந்து காலிப் பிஸ்கத்து டப்பா ஒன்றை வாங்கி வெட்டி, எழுத்து உள்பக்கம் போகும்படி திருப்பி, நல்ல மரத்தின்மேல், ஓட்டையே இல்லாத இடத்தில், ஒரு ஒட்டுப் போட்டு ஆணி அடித்தான். சுத்தியலும் சாயபு கொடுத்ததுதான்.

ஆணி அடித்துவிட்டு விலாவைத் தடவிக்கொடுத்தான். “கோவிச்சுக்கிடாத. திருஷ்டிப் பொட்டுன்னு நெனச்சுக்க” என்று வள்ளத்திடம் சொன்னான்.

சாயபு சிரித்தார். “இத எவன் வே தொடுவான்? எங்க தெருவுல சும்மா குடுத்தாலும் அடுப்புக்குக்கூட எவனும் வாங்கமாட்டான்.”

ஆவணி முதல் வாரம் துரை ஷெட்டுக்குள் வந்தார். ஒரு மாதத்துக்கு மேலாகக் காய்ச்சலில் படுத்திருந்தவர், அன்றுதான் உள்ளே வருகிறார். வாசலிலேயே நின்றுவிட்டார். குட்டநாட்டு வள்ளத்தின் பக்கத்தில் போனார். விரலால் தொட்டார். விரலை முகர்ந்தார். முகம் சிவந்தது. இங்கிலீஷில் என்னவோ சொன்னார். ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னார்.

“என்ன சொல்லுதாரு சாயபு?”

சாயபுவின் குரல் தாழ்ந்துவிட்டது. “நூறு வருசத்துக் கறுப்பச் சுரண்டிட்டானேங்காரு. கொன்னுட்டாங்காரு.”

“அழகாத்தான வே ஆக்கியிருக்கேன்!”

“அழகு வேண்டாமாம்.”

துரை இரண்டாவதைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு மூன்றாவதிடம் வந்தார். அங்கே அவர் மண்டியிட்டார். தாரைத் தடவினார், கயிற்றுத்தும்பை நகத்தால் நெருடினார், தகர ஒட்டின்மேல் உள்ளங்கையை வைத்து அப்படியே கொஞ்ச நேரம் இருந்தார். கோயிலில் சாமி பாதத்தில் கை வைத்தவர் மாதிரி. எழுந்தபோது முகம் தெளிந்திருந்தது.

சாயபு சொல்லவேண்டிய தேவையே இருக்கவில்லை. பலவேசத்துக்கு விளங்கிவிட்டது. விளங்கியது ஒன்றுதான்: துரை எடுத்துவிட்டார். ஏன் எடுத்தார் என்பது அன்றும் விளங்கவில்லை, அதற்கப்புறமும் விளங்கவில்லை. சந்தையில் நொண்டி மாட்டைத் தேடிப்பிடித்து வாங்குகிறவனை அவன் கண்டதில்லை.

“சாயபு, சொல்லும்! அந்த ஒட்டு பொய்யின்னு சொல்லும். நாந்தான் அடிச்சேன், போன மாசம். ஓட்டையே கெடையாது. எல்லாம் நான் செஞ்சதுன்னு சொல்லும்!”

சாயபு வாயைத் திறந்தார். பிஸ்கத்து டப்பா யார் கொடுத்தது, சுத்தியல் யார் கொடுத்தது என்ற கேள்வி அடுத்து வரும். அவருக்குப் பதினாறு வருஷ உத்தியோகம். துரை போகும்போது நல்ல சர்டிபிகேட் எழுதித் தருவதாகச் சொல்லியிருந்தார். ‘இந்த ஒட்டு இவன் தன் கையாலே போட்டது’ என்பதை மட்டும் இங்கிலீஷில் சொன்னார். மற்றதை விழுங்கிவிட்டார்.

துரை ரொம்ப மகிழ்ந்துபோனார். பையிலிருந்து நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டார். பலவேசத்தின் வளைந்த கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“உமக்கு அந்தப் பெரிய வள்ளத்தக் குடுத்துட்டாரு. இனாமா. சுரண்டினதுக்குக் கோவமில்லையாம்” என்றார் சாயபு, தரையைப் பார்த்தபடி.

தகர ஒட்டுப் போட்ட வள்ளம் வைக்கோல் பொதிந்த பெட்டிக்குள் படுத்து, துரையோடு கப்பலேறத் தூத்துக்குடிக்குப் போயிற்று. ஒன்றரை வருஷத்துக்கு மேலாக ஒரு நாள் விடாமல் தண்ணீர் குடித்த மரம்; ஒரு கீறல் கிடையாது. பெட்டியை ஆணியடித்து மூடுகிறவரை பலவேசம் பக்கத்திலேயே நின்றான். “உள்ள கொஞ்சம் ஈரச்சாக்கு வைக்கலாமா?” என்று மட்டும் கேட்டான். அடிக்கிறவன் அடுத்த ஆணியை எடுத்தான்.

சரி, வள்ளத்துக்கு வள்ளம் கிடைத்ததே என்று முத்துவடிவு தேற்றினாள். ஆனால் பங்களாச் சாவி தென்காசி வக்கீல் ஒருவர் கைக்குப் போய்விட்டது. அவர் இன்றைக்கு வா, நாளைக்கு வா என்று ஐப்பசி முழுவதும் இழுத்தடித்தார். சாயபு அலைந்து, சண்டைபோட்டு, கடைசியில் குட்டநாட்டு வள்ளம் அத்திக்குளத்துக்கு வண்டியில் வந்து சேர்ந்தபோது மடை திறக்க இரண்டே நாள் இருந்தது. ஊரே கூடிப் பார்த்தது. “ஏயப்பா, தேரு மாதிரில்லா இருக்கு!” என்றார்கள்.

பலவேசம் மட்டும் ஆவுடையப்பனிடம் ஓடினான். “அண்ணாச்சி, ஒரு பத்து நாளு பொறுங்க. காஞ்சு கெடந்த வள்ளம். தண்ணியில போட்டு ஊறவைக்கணும். ஊறினாத்தான் வெடிப்பு கூடும்.”

“நல்லாச் சொன்ன போ. குளம் கரையத் தொட்டுக்கிட்டு நிக்கி. பத்து நாளு பொறுத்தா கரை இருக்கும்ங்கிறியா? நாளான்னைக்குத் திறக்கணும். ஒன்னால முடியாட்டா சொல்லு, வல்லி நிக்கான்.”

“முடியும்” என்றான் பலவேசம். வேறு எதைச் சொல்லுவான்?

இரண்டு நாளும் அதைக் கரையோரத்தில் முக்கிப் போட்டு வைத்தான். இரண்டு வருஷத் தாகம் இரண்டு நாளில் தீருமா?

கார்த்திகை முதல் திங்கட்கிழமை காலை கரையில் தேங்காய் உடைத்தார்கள். பலவேசம் ஏறித் துடுப்புப் போட்டான். நீள வள்ளம் அவன் சொன்னபடி கேட்கவில்லை. கேரளத்துக் காயலில் நாலு பேர் தள்ளிப் பழகியது. நாற்பது முழம் போனதும் உள்ளங்காலில் சில்லென்றது. குனிந்து பார்க்கவில்லை. பார்த்தால் கரையில் இருப்பவர்களுக்குத் தெரிந்துவிடும். மெழுகு ஒவ்வொரு இடமாக இளகி வந்துகொண்டிருந்தது. கணுக்கால் நனைந்தது. தூண் பத்து முழம். ஐந்து முழம். கயிற்றை வீசித் தூணில் போட்டுவிட்டான். எழுந்து நின்று, கம்பை இடது கையால் அணைத்து, நெஞ்சைக் கொடுத்து ஒரு தூக்குத் தூக்கினான்.

காடாத்துணியைக் கிழிக்கிற சத்தம்தான் கேட்டது. வள்ளம் நீளவாக்கில் இரண்டாகப் பிரிந்து அவனுடைய இரண்டு பக்கமும் தாழம்பூ மடல் மாதிரி விலகிப் போயிற்று.

தலைமயிரைப் பிடித்து யாரோ தூக்கியபோதுதான் அவனுக்கு மூச்சு வந்தது. வல்லிநாயகம். அவனைத் தூணோடு சேர்த்து நிறுத்தி, கையை எடுத்துத் தூணைச் சுற்றி வைத்தான்.

“இதக் கட்டிப் பிடிச்சுக்கிட்டே நில்லுங்கண்ணே. விட்டுறாதீய. நான் திறந்துட்டு வந்து கூட்டிட்டுப் போறேன்.”

முங்கினான். காலுக்குக் கீழே கட்டை கிளம்புகிற அதிர்வு தூண் வழியாகப் பலவேசத்தின் நெஞ்சுக்கு வந்தது. இருபது வருஷமாக அவனுக்குப் பழகிய அதிர்வு. கரையில் குலவை எழுந்தது. மூன்றாவது கார்த்திகை.

அதற்கப்புறம் சொல்ல அதிகமில்லை. மடையோடு களத்து நெல்லும் மாலையும் ஊர்க்கூட்டத்து இடமும் போயின. பலவேசம் வடகரை என்ற ஊரில் ஒரு தென்னந்தோப்புக்குக் காவலனாகப் போனான். வல்லிநாயகம் வருஷந்தோறும் ஒரு மூட்டை நெல் கொடுத்தனுப்புவான். இவன் திருப்பி அனுப்பச் சொல்லுவான். முத்துவடிவு சரி என்று சொல்லிப் பின்கதவு வழியாக வாங்கி வைத்துக்கொள்வாள். அந்த நெல்லைத்தான் தின்கிறோம் என்று அவனுக்கும் தெரியும்.

1938-ல் சாயபு தோப்புக்கு வந்தார். துரை அவருக்கு ஒரு போட்டோ அனுப்பியிருந்தார். கண்ணாடிப் பெட்டி, உள்ளே வள்ளம். தகர ஒட்டின்மேல் விளக்கு வெளிச்சம் விழுந்திருந்தது. போட்டோவின் பின்புறம், பெட்டியின்மேல் எழுதி வைத்திருப்பதைத் துரை பிரதி எடுத்திருந்தார். சாயபு படித்துச் சொன்னார்: “மலையாளக் கரை மீனவர் வள்ளம். பழங்காலத்து ஒட்டு ஒன்று உள்ளது. இந்த ஜனங்கள் எதையும் வீணாக்குவதில்லை என்பதற்கு இது சாட்சி.”

“மீனவரா?”

“அப்படித்தான் போட்டிருக்கு.”

“பழங்காலத்து ஒட்டா!” பலவேசம் சிரிக்க ஆரம்பித்தான். “உம்ம பிஸ்கத்து டப்பால்லா வே அது!” சாயபுவும் சிரித்தார். இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். முதலில் நிறுத்தியது சாயபு. “அன்னைக்கு நான் முழுசாச் சொல்லியிருக்கணும் வே” என்றார்.

பலவேசம் அதைக் காதில் வாங்கவில்லை. போட்டோவைக் கண்ணருகே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“சாயபு, இந்தப் பெட்டிக்குள்ள தண்ணி எப்படி ஊத்துவாங்க?”

“எவன் ஊத்துவான்? கண்ணாடி போட்டு மூடியிருக்கு. ஈரமே படாது.”

“அய்யய்யோ. வெடிச்சிருமே.” பழைய பதைப்பு முகத்தில் வந்துவிட்டது. “ஒரு காயிதம் எழுதும். தெனம் மூணு குடம், ஈரச்சாக்கு ஒண்ணு. ஒட்டப் பிடுங்கிட்டாலும் பாதகமில்ல, கீழ நல்ல மரந்தான். எல்லாத்தையும் எழுதும். இந்தத் தடவை எல்லாத்தையும்.”

சாயபு எல்லாவற்றையும் எழுதினார். டப்பாவை, சுத்தியலை, மூன்று கார்த்திகைகளை. குற்றாலம் தபாலாபீஸில் போட்டார். பதில் வரவில்லை. இரண்டாவது எழுதினார். அதற்குள் யுத்தம் வந்துவிட்டது. பலவேசம் மாதம் ஒரு தடவை வடகரையிலிருந்து நடந்து வந்து சாயபு வீட்டு வாசலில் நிற்பான், ஒன்றும் கேட்கமாட்டான். சாயபு தலையை அசைப்பார். திரும்பிவிடுவான். 1942-ல் இரண்டாவது கடிதம் மூன்று நான்கு முத்திரைகள் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தது. அந்த முகவரியில் யாரும் இல்லையாம். சாயபு மறைக்காமல் காட்டிவிட்டார்.

“சரி. வெடிச்சிருக்கும்” என்றான் பலவேசம்.

தோப்புக்கு வந்த அன்றே சாயபு அவனிடம் கொடுத்துவிட்டுப் போன போட்டோவை அதுவரை தகரப்பெட்டியில் வேட்டிக்கடியில் வைத்திருந்தான். அன்று எடுத்து, குடிசைக்குள் தண்ணீர்ப் பானை இருக்கும் மூலையில், எப்போதும் ஈரம் கசியும் மண்சுவரில், சோற்றுப் பருக்கையால் ஒட்டினான். “நனைஞ்சு போயிருமே, ஏ மனுசா!” என்றாள் முத்துவடிவு.

“அங்கனதான் இருக்கணும். காயக்கூடாது.”

தினமும் விடிந்ததும் பானைத் தண்ணீரில் கையை நனைத்து அதன்மேல் தெளித்துவிட்டுத்தான் கஞ்சி குடித்தான். காகிதம் முதலில் உப்பியது. பிறகு ஓரம் ஓரமாக உரிந்தது. கண்ணாடிப் பெட்டி போயிற்று, மூக்கு போயிற்று, கடைசியாகத் தகர ஒட்டு இருந்த இடத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி மட்டும் நின்றது. தை பிறக்குமுன் அதுவும் சுவரோடு சுவராகிவிட்டது. பலவேசம் அதற்குப்பின் இரண்டு வருஷம் இருந்தான். சுவரில் ஒன்றும் இல்லாத அந்த இடத்தில் தண்ணீர் தெளிப்பதை நிறுத்தவில்லை.